வாறுகால் மேலே ஒரு சரிவு

நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த அன்று, பால் காய்ச்சி முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, என் கணவர் மட்டும் ஸ்கூட்டரில் வாசலுக்கும் தெருவுக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். கேட்டிலிருந்து தெருவரை சிமெண்டில் ஒரு சரிவு போட்டிருந்தோம். "அத்தான், போதும். இலை போட்டாச்சு, வாங்க" என்று என் தம்பி கூப்பிட்டும் அவர் காதில் விழவில்லை. கடைசியாக ஒருமுறை ஏறி வந்து, வண்டியை நிறுத்தி, "நல்லா அமைஞ்சிருக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வீட்டைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ராஜபாளையம் சாலையில் நடந்த ஒரு விபத்தில் அவருக்கு வலது காலில் பலம் போய்விட்டது. ஊன்றுகோல் இல்லாமல் நிற்க முடியாது. பின்னால் இரண்டு பக்கமும் துணைச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் எங்கேயும் போவார். பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். முன்பு நாங்கள் ஊருக்குள், தறி ஓடும் தெருவில் வாடகைக்கு இருந்தோம். அந்த வீட்டுக்கு உயரமான மூன்று படி. வண்டி வெளியே தெருவில் நிற்கும். காலையில் அவரை இறக்கிவிட நான் ஒரு பக்கம் பிடிப்பேன். இன்னொரு பக்கத்துக்கு யாரையாவது கூப்பிட வேண்டும். யாரும் மறுத்ததில்லை. ஆனால் கூப்பிடும் அந்த நேரத்தில் அவர் முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

எங்கள் நகர் ஊருக்குச் சற்று வெளியே இருக்கிறது. ஒரு காலத்தில் பருத்தி போட்ட கரிசல் புஞ்சை. அதைப் பிளாட் போட்டு விற்றபோது ரோடு, தெருவோரம் மழைத்தண்ணீர் ஓடும் வாறுகால், தண்ணீர்த் தொட்டி எல்லாம் காகிதத்தில் இருந்தன. இடத்தில் கல் மட்டும்தான் நட்டிருந்தது. முதலில் வீடு கட்டி வந்தவர்கள் சேர்ந்து ஒரு நலச் சங்கம் ஆரம்பித்து, மனு மேல் மனு போட்டு, தெருவிளக்கு வாங்கினார்கள், ரோடு போடவைத்தார்கள். நாங்கள் வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. சங்கத்துத் தலைவர் மின்சார வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். விடிந்ததும் கையில் டார்ச்சோடு தெருத்தெருவாக நடப்பார். பகல் வெளிச்சத்தில் டார்ச் எதற்கு என்றால், வாறுகால் குழாய்க்குள் அடித்துப் பார்ப்பதற்கு.

சங்கம் இருப்பதில் எனக்கு நிம்மதியும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. வந்த வருடம் சித்திரையில் பொது ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. ஊருக்குள் இருந்திருந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்திருப்போம். இங்கே மறுநாள் காலையில் லாரி வந்தது. சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு வீடு முறைவைத்து ஊற்றினார்கள். தலைவர் வீட்டுக்குக் கடைசியில்தான் தண்ணீர் போனது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதே தலைவர்தான் ஒருநாள் எங்கள் சுற்றுச்சுவருக்கு வெளியே நான் ஆசையாக வளர்த்த முருங்கையை, மின்கம்பியில் தொடுகிறது என்று பூவும் பிஞ்சுமாக வெட்டச் சொன்னார். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த எங்கள் சொந்தக்காரர்களின் வேன் தெருவில் நின்றதற்கு, வாட்ஸ்அப் குழுவில் வண்டி எண்ணோடு படம் போட்டார். சுவரில் சேலை காயப்போடக் கூடாது, கோழி வளர்க்கக் கூடாது. கோழி விஷயத்தில் கோபப்பட்டு ஒருவர் மாதச் சந்தா கொடுப்பதையே கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார். என் கணவருக்கு இதெல்லாம் சிரிப்பு. "உனக்கு வாடகை வீட்டுல இருந்த ஒரு வீட்டுக்காரம்மா போதாதுன்னு இப்பம் ஊர் பூரா வீட்டுக்காரங்க" என்று சொல்லுவார்.

போன ஐப்பசி வரை அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் மழை கொட்டியது. நான் மேலநீலிதநல்லூரில் என் அலுவலகத்தில் இருந்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டு மின்சாரம் வரக் காத்திருந்தோமே தவிர, எங்கள் நகரில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது தெரு ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். எங்கள் தெரு மேட்டில் இருக்கிறது. பள்ளத்தில், ஓடையை ஒட்டிய கடைசி வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் குழுவில் பார்த்தேன். அந்த வீட்டில் ஒரு பெண் கைக்குழந்தையோடு தனியாக இருந்தாள். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவ விடுப்பில் இருந்தாள். கணவன் வெளிநாட்டில். "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. என் கணவரும் வந்தார். ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்திருந்தார்.

தலைவர் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். "தண்ணி எதனால நின்னுச்சுன்னு நான் வீடு வீடா பாத்துட்டேன். நாம எல்லாரும் வாசலுக்கு ஸ்லோப்பு போடுதோம்னு வாறுகாலை மூடி சிமெண்டைக் கொட்டி வச்சிருக்கோம். அடியில சின்னக் குழாய். அதுல குப்பை அடைச்சுக்கிடுது. மேட்டுல அடைச்சா பள்ளத்துல வீட்டுக்குள்ள ஏறுது. எல்லா ஸ்லோப்பையும் எடுத்துரணும். முதல்ல என் வீட்டுல இருந்து ஆரம்பிப்போம்."

மூலை வீட்டுக்காரர் எழுந்தார். அவர் புதிதாகக் கார் வாங்கி, வாசலில் அகலமாகக் கல் பதித்துச் சரிவு போட்டிருந்தார். "அண்ணாச்சி, எல்லாத்தையும் எப்படி எடுக்க முடியும்? அந்தா அவரைப் பாருங்க. ஸ்லோப்பு இல்லாட்டா அவரு எப்படி வெளிய வருவாரு?" என்று என் கணவரைக் கை காட்டினார்.

எல்லாத் தலையும் திரும்பியது.

தலைவர், "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். அவருக்கு விட்டா, நாளைக்கு நீரு உம்ம அம்மைக்கு முட்டுவலின்னு வந்து நிப்பீரு" என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், நல்ல மனதோடுதான் சொன்னார்: "பாவம், நடக்க முடியாத மனுசன். அவருக்கு மட்டும் விட்டுருவோமே."

என் கணவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். அந்தச் சத்தத்தில் பேச்சு நின்றது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் வீட்டுக்குப் போனபோது அவர் திண்டில் சாய்ந்து உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுத்ததுதான் அவருக்குக் கோபம் என்று நினைத்தேன். "மாற்றுத்திறனாளிக்குன்னு சட்டம் இருக்கு. எங்க ஆபீசுல கேட்டு ஒரு மனு எழுதுதேன்" என்றேன்.

"அவரு முடியாதுன்னதுகூட எனக்கு ஒண்ணுமில்லட்டி. நடக்க முடியாத மனுசன்னு அத்தனை பேரு முன்னால சொன்னான் பாத்தியா? நானே இதுவரைக்கும் அதை வாயால சொன்னதில்லை" என்றார்.

சொந்த வீடு கட்டியதே இதைப் பற்றி யாரோடும் பேச வேண்டியிராது என்பதற்காகத்தான். இப்போது எங்கள் வாசலைப் பற்றிப் பேச ஊரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு அந்தச் சங்கத்தையே பிடிக்காமல் போனது.

"மனு எழுது. ஸ்லோப்பு மேல எவன் கை வைக்கான்னு பாப்போம்" என்று அவர் படுத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம், நான் மனுவில் முதல் பத்தியை எழுதி முடித்திருந்தபோது, கேட்டில் ஆள் வந்த சத்தம் கேட்டது. கடைசி வீட்டுப் பெண். இடுப்பில் குழந்தை. அதுவரை அவளிடம் நான் நின்று பேசியதில்லை. சண்டைக்கு வந்திருக்கிறாளோ, கெஞ்ச வந்திருக்கிறாளோ என்று நினைத்தபடி மனுவை மடித்து வைத்தேன். உட்காரச் சொன்னேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என் கணவரைப் பார்த்தே பேசினாள்.

"அண்ணே, நேத்து மீட்டிங்ல நான் ஒண்ணும் பேசல. பிள்ளை அழுதான், பாதியிலேயே போயிட்டேன். உங்களுக்கு வெளிய போகவர வழி வேணும். எனக்கு வீட்டுக்குள்ள தண்ணி வரக் கூடாது. இந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரியான்னு எனக்குத் தெரியல. அதான் கேக்க வந்தேன்."

"தண்ணி எம்புட்டு வந்துச்சு?" என்று அவர் கேட்டார்.

"வந்து பாருங்களேன்."

அவர் உடனே சாவியை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். அவள் குழந்தையோடு நடந்து வந்தாள்; அவர் அவளுடைய நடைக்கு ஏற்றபடி வண்டியை மெதுவாக ஓட்டினார். அந்த வீட்டு வாசலில் படி இருந்ததால் அவரால் உள்ளே போக முடியவில்லை. தெருவில் வண்டியில் உட்கார்ந்தபடியே திறந்த கதவு வழியாகப் பார்த்தார். நான் உள்ளே போனேன். சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கரிசல் தண்ணீரின் கறை கோடு போட்டதுபோல் ஓடியது. கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்திருந்தாள். மூலையில் ஊறி உப்பிய அரிசி மூட்டை, இன்னும் வெளியே தூக்கிப் போடவில்லை. தொட்டில் மட்டும் உத்தரத்திலிருந்து, தண்ணீர் எட்டாத உயரத்தில் ஏற்றிக் கட்டியிருந்தது.

"தண்ணி வந்தப்போ பிள்ளை தொட்டில்லதான் கெடந்தான் மதினி. கரண்டு இல்ல. கதவைத் தொறந்தா இன்னும் வரும்னு பயம். தொட்டிலை மேல ஏத்திக் கெட்டிட்டு, பக்கத்துல கட்டில் மேல ஏறி நின்னேன். அண்ணாச்சி வந்து கதவைத் தட்டுற வரைக்கும் அப்படியேதான் நின்னேன்" என்று என்னிடம் சொன்னாள். குரலில் குறை எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியின் வீட்டாருக்கு விவரம் சொல்வதுபோல் சொன்னாள்.

வெளியே வந்து அதை என் கணவரிடம் சொன்னேன். திரும்பும் வழியில் அவர் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கு முன்னாலும் வண்டியை நிறுத்தி வாறுகாலைப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் வீட்டுக்கு முன்னாலும் நிறுத்தினார். எங்கள் சரிவின் அடியில் இருந்த குழாய் பாதிக்கு மேல் மண்ணால் மூடியிருந்தது. குழாய் வாயில் ஒரு பழைய சிமெண்டுப் பை சிக்கியிருந்தது. நாங்கள் வீடு கட்டியபோது வாங்கிய சிமெண்டின் பையாகவே இருக்கலாம்.

"தலைவருக்குப் போன் போடு" என்றார். போட்டுக் கொடுத்தேன். "அண்ணாச்சி, என் வீட்டு ஸ்லோப்பையும் எடுத்துருங்க. பாவம்னு யாரும் எனக்கு ஒண்ணும் விட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்காமலேயே போனை என்னிடம் நீட்டினார்.

ஜேசிபி வந்தது. தலைவர் சொன்னபடியே முதலில் தன் வீட்டுச் சரிவை உடைக்கச் சொன்னார். அவர் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூலை வீட்டுக்காரர் கல்லையெல்லாம் தனியாகப் பெயர்த்து அடுக்கிவைத்துக்கொண்டார். எங்கள் வாசலில் இயந்திரத்தின் கை இறங்கியபோது என் கணவர் கடைக்குப் போயிருந்தார். நான் லீவு போட்டுவிட்டு நின்றேன். இரண்டு முறை இடித்ததுமே சரிவு பிளந்துவிட்டது. அவ்வளவு லேசான பொருளா அது என்று இருந்தது.

அடுத்து வந்த வாரங்கள் எங்களுக்குச் சிரமமானவை. வண்டி மறுபடியும் தெருவில் நின்றது. வாறுகாலுக்குக் குறுக்கே ஒரு பலகை போட்டு, ஊன்றுகோலோடு அவர் அதைத் தாண்ட வேண்டும். முதல் நாளே ஊன்றுகோல் ஈரப் பலகையில் வழுக்கியது. நான் தாங்குவதற்குள் டார்ச்சோடு வந்துகொண்டிருந்த தலைவர் ஓடி வந்து பிடித்துவிட்டார். அதற்குப் பிறகு தினமும் என் கணவர் கடைக்குக் கிளம்பும் நேரத்துக்குத் தலைவரோ, வேறு யாரோ வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். யாரையும் நாங்கள் கூப்பிடவில்லை. சங்கத்தில் முறைவைத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது, லாரித் தண்ணீருக்கு வைத்த மாதிரி. மூலை வீட்டுக்காரரும் ஒருநாள் வந்து நின்றார். எனக்கு அது பெரிய உதவி. என் கணவருக்கு அது தினமும் ஒரு தண்டனை. முகம் மறுபடியும் வேறு பக்கம் திரும்ப ஆரம்பித்தது.

ஆனால் கடையில் அவர் சும்மா இருக்கவில்லை. ஜெராக்ஸ் எடுத்துக் கெட்டுப்போன தாள்களின் பின்பக்கத்தில் படம் படமாக வரைந்துகொண்டிருந்தார். ஒருநாள் அதில் ஒன்றை என்னிடம் காட்டினார். இரும்புக் கம்பிகளை இடைவெளி விட்டுப் பற்றவைத்த ஒரு தட்டி. வாறுகாலுக்கு மேலே பாலம் மாதிரி நிற்கும். கீழே குழாய் கிடையாது, தண்ணீர் தடையில்லாமல் போகும். தெருப்பக்கம் கீல் வைத்திருப்பதால் தூக்கி நிறுத்தி அடியில் அள்ளிக்கொள்ளலாம். வெல்டிங் பட்டறையில் பேசியும் வைத்திருந்தார்.

"மாட்டிரலாமே" என்றேன்.

"எப்படி மாட்டுவ? வாறுகாலுக்கு மேல எதுவுமே இருக்கக் கூடாதுன்னுதான தீர்மானம் போட்டிருக்காங்க. போய்க் கேக்கணும்."

"அப்பம் வந்து கேளுங்க."

"நான் வரமாட்டேன். நீ போயிட்டு வா."

அடுத்த கூட்டத்துக்கு நான் அந்தத் தாளோடு தனியாகப் போனேன். அலுவலகத்தில் எத்தனையோ கூட்டத்துக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். எழுந்து நின்று பேசியது இதுதான் முதல் தடவை. தாளைக் காட்டி, தண்ணீர் எப்படிப் போகும், தட்டியை எப்படித் தூக்குவது என்று விளக்கினேன்.

மூலை வீட்டுக்காரர் எழுந்தார். "அன்னைக்குச் சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு சொன்னீங்க. இப்பம் அவங்களுக்கு மட்டும்னா எப்படி?"

"எங்களுக்கு மட்டும்னு நான் கேக்கலண்ணே. நீங்களும் போட்டுக்கிடுங்கன்னுதான் சொல்லுதேன். எங்க வீட்டுல அவுக தனியா ஒரு சலுகையும் வாங்க மாட்டாக" என்றேன்.

தலைவர் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, ரொம்ப நேரம் பார்த்தார். "குப்பை வந்து கம்பியில மாட்டுனா?" என்று கேட்டார்.

கடைசி வீட்டுப் பெண் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "மாட்டுனா தூக்கி எடுக்கலாம்லா அண்ணாச்சி. சிமெண்டுக்கு அடியில மாட்டுனதை யாரு பாத்தா? தண்ணி வந்தா முதல்ல வாரது என் வீட்டுக்குத்தான். எனக்குச் சம்மதம்."

தூக்குகிற மாதிரி இரும்புத் தட்டி யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், மழைக்காலத்தில் அவரவர் வாசலை அவரவர் அள்ள வேண்டும் என்று தீர்மானமானது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர், "என்ன சொன்ன? அவுக ஒரு சலுகையும் வாங்க மாட்டாகன்னா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

தட்டி வந்து மாட்டிய அன்று வண்டி ஏறும்போது கடகடவென்று பெரிய சத்தம். தெரு முழுக்கக் கேட்டது. அவர் கிளம்பியதும் வந்ததும் இனி எல்லாருக்கும் தெரியும். "போனா போகுது" என்றார்.

கார்த்திகையில் மறுபடியும் மழை பிடித்தது. இந்த முறை காலையிலேயே ஆரம்பித்ததால் பஸ் ஓடாது என்று நான் வீட்டில் இருந்தேன். தலைவர் குடையும் டார்ச்சுமாக எங்கள் வாசலுக்கு வந்தார். என் கணவர் வண்டி ஷெட்டுக்குக் கீழே நாற்காலியில் இருந்தார். கரிசல் தண்ணீர் வாறுகாலில் சுருண்டு போவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்தோ தென்னை மட்டை ஒன்று அடித்துவந்து கம்பியில் குறுக்கே நின்றது. "தூக்குங்க அண்ணாச்சி" என்றார் இவர். தலைவர் குடையைக் கீழே போட்டுவிட்டுத் தட்டியைத் தூக்கினார். மட்டை நழுவிப் போய்விட்டது. நனைந்துபோன தலைவருக்கு நான் துண்டும் காப்பியும் கொடுத்தேன்.

மத்தியானம் கடைசி வீட்டுப் பெண்ணுக்குப் போன் செய்தேன். முதல் படி வரைக்கும் தண்ணீர் வந்து நின்றுவிட்டது என்றாள். பின்னால் குழந்தை ஏதோ கத்திக்கொண்டிருந்தது. மூலை வீட்டு வாசலில்தான் கொஞ்சம் தேங்கியது. அவர் தட்டிக்குக் கீல் வைக்காமல் அப்படியே பற்றவைத்திருந்தார். அதைப் பற்றிக் குழுவில் உடனே படத்தோடு செய்தி வந்தது.

இவ்வளவு நடந்த பிறகும் என் கணவர் கூட்டத்துக்கு மட்டும் போவதில்லை. தலைவர் ஒவ்வொரு முறையும் கேட்டில் நின்று, "தம்பி, வாரும்" என்று கூப்பிடுகிறார். இவர், "கடையில வேலை கெடக்கு அண்ணாச்சி" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான்தான் போகிறேன். சில விஷயங்களில் சங்கத்தோடு வாதாடுகிறேன். கோழிக்காரர் பக்கம் நின்றுகூடப் பேசிப் பார்த்துவிட்டேன். தோற்றுப்போனோம்.

போன மாதம் சிவகிரியிலிருந்து என் தங்கச்சி வந்திருந்தாள். அங்கே இதேபோல் சங்கம் இருக்கிற நகரில் ஒரு பிளாட் பார்த்திருக்கிறார்களாம். "வாங்கலாமாக்கா? ஆளாளுக்கு வந்து நாட்டாமை பண்ணுவாங்கன்னு சொல்லுதாங்களே" என்று கேட்டாள். நான் முருங்கையிலிருந்து ஆரம்பித்து, லாரித் தண்ணீர், வேன் படம், உடைந்த சரிவு, காலையில் வாசலில் வந்து நின்ற ஆட்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். எது எந்தப் பக்கத்துக் கணக்கு என்று எனக்கே பாதியில் குழம்பிவிட்டது.

அவர் கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "வாங்கு தாயி, யோசிக்காத" என்றார் தங்கச்சியிடம். "ஆனா மீட்டிங்குக்கு உன் மாப்பிள்ளையை அனுப்பாத. நீயே போ."